லேலண்ட் என்னும் குடும்பப் பெயர்: தோற்றமும் வரலாறும்

லேலண்ட் என்பது இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் பகுதியில் வேர்கொண்ட குடும்பப் பெயர். லேலண்ட் என்றும் லீலண்ட் என்றும் இருவகையாக ஒலிக்கப்படும் இப்பெயருக்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதை அறியாதவர் குறைவு. அங்கே இது சரக்கு வண்டியின் முகப்பிலும் ஆலையின் நுழைவாயிலிலும் இருக்கும் பெயர். ‘லேலண்டில் வேலை’ என்றால் எந்த வேலை என்று யாரும் மறுபடி கேட்பதில்லை.

இப்பெயர் முதலில் எதைச் சுட்டியது? ஓர் ஊரையா, பல ஊர்களில் காணப்பட்ட ஒருவகை நிலத்தையா? இதைத் தாங்கியவர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களா, தனித்தனியே இப்பெயர் பெற்ற பல குடும்பத்தினரா? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பற்றி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றாகவே நடத்தியிருக்கிறது. சொல்லின் பொருள் தெரிந்துவிட்டால் குடும்பத்தின் வரலாறும் தெரிந்துவிடும் என்ற அந்த நம்பிக்கையே பல பிழைகளுக்குக் காரணமாக இருந்திருக்கிறது.

ஓசூருக்கு வந்த வழி

ரகுநந்தன் சரண் 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘அசோக்’ என்பது அவருடைய மகனின் பெயர். இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்பதுதான் தொடக்க காலத் தொழில். பிறகு லேலண்ட் மோட்டார்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் பங்குதாரராகச் சேர்ந்ததால் 1955இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர் ஆலைக்கு அடுத்து 1980இல் ஓசூர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சிப்காட் வளாகம் உருவாகி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி ஆலைகள் பெருகிவந்த காலம் அது.

அசோக் ஒரு மனிதரின் பெயர், ஆஸ்டின் நிறுவனமும் ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பவரின் குடும்பப் பெயரைத் தாங்கியது. ஆகவே லேலண்டும் ஒரு முதலாளியின் பெயராகத்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். அது சரியன்று. 1896இல் லங்காஷயர் ஸ்டீம் மோட்டார் கம்பெனி என்ற பெயரில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் பின்னால் இருந்தவர்கள் ஜேம்ஸ் சம்னரும் ஸ்பரியர் குடும்பத்தினரும். 1907இல் நிறுவனம் தன் ஊரின் பெயரை ஏற்று லேலண்ட் மோட்டார்ஸ் ஆயிற்று. நிறுவியவர்களின் பெயர்களும் பழைய தொழிற்பெயர்களே: சம்னர் என்பது நீதிமன்ற அழைப்பாணையைக் கொண்டுசெல்லும் சேவகனையும், ஸ்பரியர் என்பது குதிரையோட்டியின் குதிமுள்ளைச் செய்பவனையும் குறித்தன. அவை இரண்டும் நிறுவனப் பெயராகவில்லை, ஊர்ப்பெயரே ஆயிற்று.

ஆக, ஓசூரில் வழங்கும் லேலண்டும் குடும்பப் பெயரான லேலண்டும் ஒரே சொல்லிலிருந்து தனித்தனியே கிளைத்தவை. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததன்று. தோற்றம் பற்றிய விவாதத்தில் இந்த வேறுபாடு முதலிலேயே தெளிவாக வேண்டும்.

ஊரும் அதன் பெயரும்

லேலண்ட், பிரஸ்டன் நகருக்குத் தெற்கே உள்ள பழைய ஊர். நார்மன் அரசர் வில்லியம் தொகுப்பித்த 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் ‘லைலாண்ட்’ என்ற வடிவில் இடம்பெற்றுள்ளது. ரிபிள், மெர்சி ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் அப்போது ஆறு ஆட்சிப் பிரிவுகளாக இருந்தது: வெஸ்ட் டர்பி, நியூட்டன், வாரிங்டன், பிளாக்பர்ன், சால்ஃபோர்டு, லேலண்ட். ‘ஹண்ட்ரட்’ எனப்பட்ட இப்பிரிவுகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘நாடு’ என்ற பிரிவோடு ஏறத்தாழ ஒப்பிடத்தக்கவை. லேலண்ட் என்பது ஓர் ஊருக்கும் அதைத் தலைமையாகக் கொண்ட முழு வட்டத்துக்கும் உரிய பெயர் என்பது இதனால் தெரிகிறது. ‘லேலண்டைச் சேர்ந்தவன்’ என்று ஒரு பழைய ஆவணம் சொன்னால், அது ஊரைச் சொல்கிறதா வட்டத்தைச் சொல்கிறதா என்ற ஐயம் அங்கேயே பிறந்துவிடுகிறது.

பெயரின் இரண்டாம் பகுதியான ‘லாண்ட்’ நிலம், அல்லது நிலவுடைமை. முதற்பகுதியில்தான் கருத்து வேறுபாடு. ஆங்கில ஊர்ப்பெயர்களில் மிகுதியாக வரும் ‘லெயாஹ்’ என்ற சொல்லோடு அதை இணைப்பது எளிய வழி. அச்சொல்லுக்கு முதலில் மரங்களை வெட்டித் திருத்திய வெளி என்றும், பின்னர்ப் புல்வெளி என்றும் பொருள். இதன்படி லேலண்ட் என்றால் மேய்ச்சல் நிலம். கேட்க இனிமையான இந்த விளக்கத்தைப் பழைய எழுத்து வடிவங்கள் ஆதரிக்கவில்லை. 1086இன் ‘லைலாண்ட்’ என்ற வடிவில் வரும் ‘ஐ’ ஒலி, பழைய ஆங்கிலத்தின் ‘லேயெ’ என்ற வேறொரு சொல்லையே காட்டுகிறது. உழாமல் விடப்பட்டது, தரிசாகக் கிடப்பது என்பது அதன் பொருள். சுவீடன் நாட்டு அறிஞர் ஐலர்ட் ஏக்வால் 1922இல் லங்காஷயர் ஊர்ப்பெயர்களைத் தனி நூலாக ஆராய்ந்தார். 1936இல் ஊர்ப்பெயர் அகராதி ஒன்றையும் வெளியிட்டார். அவருடைய வழியில் வந்த இன்றைய அகராதிகள் தரிசு என்ற விளக்கத்தையே ஏற்கின்றன.

நன்செய், புன்செய், தரிசு, கரம்பு என்று நிலத்தைப் பிரித்துப் பேசும் தமிழ் உழவருக்கு இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றாது. மேய்ச்சல் நிலம் எப்போதும் புல்லுக்கு விடப்பட்டது. தரிசு என்றாவது ஒருநாள் ஏர் பூட்டப்படலாம். ஊர் என்ன நிலையில் இருந்தபோது அப்பெயர் பெற்றது என்ற கேள்விக்கு இவ்விரண்டும் இருவேறு விடைகளைத் தருகின்றன.

ஊர்ப்பெயரா, நிலப்பெயரா?

ஆங்கிலேயர் அனைவருக்கும் குடும்பப் பெயர் தொடக்கம் முதல் இருந்ததில்லை. 1066இல் நார்மானியர் வென்ற பிறகு பெருநிலக்கிழார்கள் தங்கள் உடைமையின் பெயரைப் பரம்பரையாகத் தாங்கத் தொடங்கினர். தெற்கிலிருந்து வடக்கு நோக்கியும், செல்வரிடமிருந்து எளியோரை நோக்கியும் வழக்கம் மெல்லப் பரவியது. 1400ஐ ஒட்டிய காலத்துக்குள் ஆங்கிலக் குடும்பங்களில் பெரும்பாலானவை பரம்பரைப் பெயர் பெற்றுவிட்டன. லங்காஷயர் இதில் பின்தங்கியது. அங்கே தந்தை பெயரால் மகனை அழைக்கும் பழக்கம் மேலும் நெடுங்காலம் தங்கியது.

இப்படி உருவான பெயர்களை நான்கு வகையாகப் பிரிப்பது மரபு: இடம், உறவு, தொழில், உருவம் அல்லது இயல்பு. லேலண்ட் முதல் வகையைச் சேர்ந்தது என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவ்வகைக்குள் இரண்டு கிளைகள் உண்டு. குறிப்பிட்ட ஓர் ஊரின் பெயரால் வந்தவை ஒரு கிளை. ‘ஆற்றங்கரையில் இருப்பவன்’, ‘காட்டருகே வாழ்பவன்’ என்பதுபோலப் பொதுவான இட அடையாளத்தால் வந்தவை மறு கிளை. கருத்து வேறுபாடு இங்கேதான்.

முதல் நிலைப்பாடு மிகப் பழையது. 1605இல் ‘ரிமெய்ன்ஸ்’ என்ற நூலில் வில்லியம் கேம்டன், நார்மண்டியின் ஊர்கள் எல்லாம் இங்கிலாந்தில் ஏதோ ஒரு குடும்பத்துக்குப் பெயர் தந்திருப்பதாக எழுதினார். இங்கிலாந்தின் ஊர்களைப் பற்றியும் அவர் கருத்து ஏறத்தாழ அதுவே. பெயரைக் கேட்டதும் அதே பெயருள்ள ஊரைத் தேடும் பழக்கம் அவரிடமிருந்து 19ஆம் நூற்றாண்டுக்கு வந்து சேர்ந்தது. சசெக்ஸ் பள்ளி ஆசிரியர் மார்க் ஆன்டனி லோவர் 1842இலும் 1860இலும் வெளியிட்ட நூல்களும், பாதிரியார் சார்லஸ் பார்ட்ஸ்லி 1873இல் எழுதிய நூலும், அவர் மறைவுக்குப் பின் 1901இல் வெளிவந்த அவருடைய அகராதியும் பெயர் ஆய்வைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றன. பழைய ஆவணங்களிலிருந்து சான்று காட்ட வேண்டும் என்ற ஒழுங்கைப் பார்ட்ஸ்லி வலியுறுத்தியது பெரிய முன்னேற்றம். 1890இல் ஹென்றி கப்பி வேறொரு வழியில் சென்றார். உழவர்கள் இடம்பெயர்வது குறைவு என்று கொண்டு, தொழில் விவரத் திரட்டுகளில் உள்ள உழவர் பெயர்களை மாவட்டவாரியாக எண்ணினார். ஒரு பெயர் இன்றும் எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கேதான் பிறந்திருக்கும் என்பது அவருடைய அடிப்படை.

லேலண்ட் பெயருக்கு இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்பெயருடையவர்கள் லங்காஷயரில்தான் செறிந்திருந்தனர். ஊர் லங்காஷயரில், பெயரும் லங்காஷயரில் என்பது ஊர்ப்பெயர்க் கொள்கைக்கு வலுவான ஆதாரம். எனினும் 19ஆம் நூற்றாண்டின் பரவலைக்கொண்டு 13ஆம் நூற்றாண்டை ஊகிப்பதில் குறை உண்டு. பருத்தி ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் லங்காஷயருக்குள் மக்களைக் கூட்டம் கூட்டமாக ஈர்த்த நூற்றாண்டு அது. 1980க்குப் பிந்திய ஓசூர் வாக்காளர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே 500 ஆண்டுகளுக்குமுன் எந்தெந்தக் குடும்பங்கள் வாழ்ந்தன என்று முடிவுசெய்ய எவரும் துணியமாட்டார்கள். அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

இரண்டாம் நிலைப்பாட்டை 1958இல் வெளிவந்த பி. எச். ரீனியின் அகராதி பரவலாக்கியது. ஊர்ப்பெயர் ஆய்விலிருந்து வந்த ரீனி, தரிசு நிலத்தைக் குறிக்கும் இச்சொல் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று என்று கண்டார். நடு ஆங்கிலக் காலத்தில் அது உழவரின் அன்றாடச் சொல். எந்த ஊரிலும் ஒரு லேலண்ட் இருந்திருக்கலாம். ஆகவே லேலண்ட் ஊரிலிருந்து வந்தவர்களும், தத்தம் ஊர்த் தரிசின் ஓரம் குடியிருந்தவர்களும் ஒரே பெயரைப் பெற்றிருக்க இயலும். இது இரண்டு வழிகளையும் ஏற்கும் கொள்கை என்பதால் நியாயமாகத் தெரிகிறது. அதன் பலவீனமும் அதுவே: எந்தக் குடும்பத்துக்கு எந்த வழி என்று அது சொல்வதில்லை.

ஆவண வடிவங்கள் இதைத் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்க்கலாம். பெயருக்கு முன் ‘டெ’ வந்தால் ஊர், ‘அட்டெ’ வந்தால் நில அடையாளம் என்பது பொது விதி. ஆனால் இலத்தீனில் எழுதிய எழுத்தர்கள் எல்லா வகை இடங்களுக்கும் ‘டெ’ போட்டுவிடுவது சாதாரணம். ‘டெ லேலண்ட்’ என்ற குறிப்பு ஊர்க் கொள்கையை நிறுவிவிடாது. அதற்குச் சாதகமாக இருக்கிறது என்று மட்டுமே கொள்ளலாம்.

ஊரின் பெயர் யாருக்கு ஒட்டியது என்பதும் கவனிக்கத்தக்கது. நிலக்கிழார் தான் ஆளும் ஊரின் பெயரைத் தாங்கினார். எளிய மனிதருக்கோ அவர் விட்டுவந்த ஊரின் பெயர்தான் ஒட்டியது; லேலண்டுக்குள் எல்லாருமே லேலண்டுக்காரர்கள் என்பதால் அங்கே அப்பெயர் எவரையும் அடையாளம் காட்டாது. லேலண்டில் பல நூற்றாண்டுகள் செல்வாக்கோடு இருந்த வோர்டன் மாளிகைக் குடும்பத்தின் பெயர் ஃபாரிங்டன். அது பக்கத்து ஊரான ஃபாரிங்டனின் பெயர். எனவே லேலண்ட் குடும்பங்களைத் தேட வேண்டிய இடம் லேலண்ட் ஊர் அன்று, அதைச் சுற்றியுள்ள ஊர்கள். லங்காஷயரின் வரிப் பட்டியல்களையும் நில ஆவணங்களையும் கொண்டு 1981இல் ரிச்சர்டு மெக்கின்லி எழுதிய ‘லங்காஷயர் குடும்பப் பெயர்கள்’ என்ற நூலின் பயன் இங்கேதான் தெரிகிறது. 1965இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெயராய்வுத் திட்டத்தின் பயனாக வந்த நூல் அது. ஊர்ப்பெயரால் வந்த குடும்பப் பெயர்கள் லங்காஷயரில் மிக அதிகம் என்றும், அவற்றுள் பல ஒரே குடும்பத்திலிருந்து பல்கிப் பெருகியவை என்றும் மெக்கின்லி காட்டினார்.

இது எல்லா ஊர்ப்பெயர்களுக்கும் பொருந்தாது. நியூட்டன் என்றால் புதிய ஊர். ஓசூர் என்ற கன்னடப் பெயருக்கும் அதுவே பொருள். தமிழகத்தில் எத்தனை புதூர்களோ, இங்கிலாந்தில் அத்தனை நியூட்டன்கள். ஓசூர் வட்டாரத்தில் ஆலை வைத்துள்ள சுந்தரம்-கிளேட்டன் நிறுவனப் பெயரில் உள்ள கிளேட்டனும் களிமண் நிலத்து ஊர் என்ற பொருளுடையது. லங்காஷயரிலும் யார்க்ஷயரிலும் பல கிளேட்டன்கள் உண்டு. அத்தகைய பெயர்கள் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று யாரும் வாதிடுவதில்லை. லேலண்ட் அவற்றுக்கு நேர்மாறு: பெயர் சொல்லும்படியான ஊர் ஒன்றே. பெயர் சிறுபான்மையாக இருப்பதற்கும் ஓரிடத்தில் செறிந்திருப்பதற்கும் இது பொருத்தமான காரணம்.

2016இல் ஆக்ஸ்ஃபோர்டு நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதி, 45,000க்கும் மேற்பட்ட பெயர்களை ஆராய்ந்துள்ளது. பழைய அகராதிகள் சொல்லை முதலில் பிரித்துவிட்டு அதற்கேற்ற சான்றைத் தேடின. பேட்ரிக் ஹாங்ஸ், ரிச்சர்டு கோட்ஸ், பீட்டர் மெக்ளூர் ஆகியோரின் இந்த அகராதி, பெயர் எங்கே பரவியிருந்தது, அந்தந்த நூற்றாண்டில் எப்படி எழுதப்பட்டது என்பதைப் பார்த்த பிறகே சொல்லிடம் வருகிறது. லேலண்ட் போன்ற பெயர்களுக்கு இதுவே சரியான வரிசை.

ஒரே குடும்பமா?

இப்பெயரின் வரலாற்றில் மிகவும் அறியப்பட்டவர் ஜான் லீலண்ட். 1503ஐ ஒட்டி இலண்டனில் பிறந்து 1552இல் மறைந்தவர். எட்டாம் ஹென்றி அரசருக்காக மடாலயங்களின் நூலகங்களைப் பார்வையிட்டு, நாடு முழுவதும் பயணம் செய்து, ஊர்களையும் ஏடுகளையும் பதிவுசெய்தவர். மடாலயங்கள் கலைக்கப்பட்டு ஏடுகள் சிதறிய காலத்தில் அவர் எழுதி வைத்த குறிப்புகள் இல்லையென்றால் இங்கிலாந்தின் பழைய நூல்கள் பலவற்றின் பெயர்கூட இன்று தெரிந்திருக்காது. லங்காஷயர் வந்தபோது ஆஸ்ட்லி அருகே மார்லிஸ் மாளிகையில் வாழ்ந்த சர் வில்லியம் லேலண்டின் வீட்டையும் அவர் பார்த்து எழுதினார். இருவரும் உறவினர் என்று பின்வந்த எழுத்தாளர்கள் கருதியதற்கு இது ஒரு காரணம்.

பெயர் ஒன்று, சந்திப்பு நிகழ்ந்தது, எனவே உறவு என்பது கவர்ச்சியான வாதம். ஆயினும் அக்கால எழுத்தில் லேலண்ட், லீலண்ட் என்ற வடிவங்கள் ஒரே மனிதருக்கே மாறிமாறி வந்ததால், எழுத்துக்கூட்டல் உறவை நிறுவவும் உதவாது, மறுக்கவும் உதவாது. மார்லிஸ் குடும்பம் லங்காஷயரைச் சேர்ந்தது என்பது உறுதி. இலண்டனில் பிறந்த ஜானின் முன்னோர் அங்கிருந்து சென்றவர்கள் என்பது பொருந்தக்கூடிய ஊகம். அதற்குமேல் சொல்வது மிகையாகும்.

அமெரிக்க லீலண்ட் குடும்பத்தின் நிலை வேறு. 17ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸில் குடியேறிய ஹென்றி லீலண்டின் வழியினரைப் பற்றி ஷெர்மன் லீலண்ட் 1850இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். ஒரு மூதாதையிலிருந்து கீழ்நோக்கி வருவதால் இத்தகைய வம்சாவளி நூல்கள் நம்பகமாகத் தோன்றும். கடலுக்கு இப்பால் உள்ள தலைமுறைகளுக்கு அந்த நம்பிக்கை பெரும்பாலும் தகும். கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் எந்த ஊரிலிருந்து அவர் வந்தார் என்ற இடத்தில்தான் சான்று மெலிந்து, பெருமைமிக்க முன்னோரை விரும்பும் ஆசை புகுந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வம்சாவளி நூல்கள் பலவற்றுக்கும் உள்ள பொதுக்குறை இது. அமெரிக்காவில் இப்பெயர் முதற்பெயராகவும் மாறியது; 1885இல் பல்கலைக்கழகம் நிறுவிய ஸ்டான்ஃபோர்டின் முதற்பெயர் லீலண்ட். கேடிலாக், லிங்கன் ஆகிய இரு கார் நிறுவனங்களையும் தொடங்கிய ஹென்றி லீலண்டுக்கோ அது குடும்பப் பெயர். ஒலியொற்றுமையைக் கொண்டு அவரை லங்காஷயரின் லேலண்ட் மோட்டார்ஸோடு இணைத்தால் பெரிய பிழையாகும்.

ஏடுகள் தீர்க்காததை மரபணு தீர்க்கும் என்ற எதிர்பார்ப்பு 2000இல் எழுந்தது. குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்பவை. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பிரையன் சைக்ஸ் தம் பெயருடைய 48 ஆண்களைச் சோதித்தார். ‘சைக்ஸ்’ என்பது சிற்றோடையைக் குறிக்கும் நில அடையாளப் பெயர். பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கும் என்றே அகராதிகள் கருதின. ஆனால் அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஒரே மரபணு வடிவத்தைக் கொண்டிருந்தனர். தொடக்கத்தில் ஒரே குடும்பம்தான் என்று சைக்ஸ் முடிவுசெய்தார். நிலப்பெயர் என்றால் பல மூதாதையர் என்ற நெடுநாள் எண்ணத்தை இது அசைத்தது. லேலண்ட் பற்றி ரீனி சொன்ன விளக்கத்தையும் இது நேரடியாகத் தொடுகிறது: சொல் பொதுவானதாக இருக்கலாம், பெயராக நிலைத்தது ஓரிடத்தில் மட்டுமாகவும் இருக்கலாம்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 2009இல் 40 பெயர்களுடைய 1,678 ஆண்களை ஆராய்ந்து இந்த முடிவைத் திருத்தினர். ஸ்மித் போன்ற பெரும்பான்மைப் பெயரில் பொது மூதாதை தென்படவில்லை. அரிய பெயர்களில் வலுவாகத் தெரிந்தது. அதேவேளை, இன்று ஒரே வழி மட்டும் எஞ்சியிருப்பது தொடக்கத்தில் ஒரே வழிதான் இருந்தது என்பதற்குச் சான்றன்று என்றும் விளக்கினர். ஆண் வாரிசற்ற வழிகள் தலைமுறைதோறும் அற்றுப்போகின்றன. ஐந்து குடும்பங்கள் ஒரே பெயரோடு தொடங்கியிருந்தாலும் 700 ஆண்டுகளில் ஒன்றே மிஞ்சுவது இயல்பு. எஞ்சியவர்களைக் காட்டும் மரபணுவால் மறைந்தவர்களைக் காட்ட முடியாது.

உயில்வழி வந்த பெயர்

பெயர் எப்போதும் பிறப்பால்தான் கடத்தப்பட்டது என்று கொள்வதும் தவறு. லிவர்பூலில் வணிகராகவும் வங்கியாளராகவும் மேயராகவும் இருந்து 1827இல் மறைந்த தாமஸ் லேலண்டின் செல்வத்தில் பெரும்பங்கு அடிமை வணிகத்தில் ஈட்டப்பட்டது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சொத்தைப் பெற்ற உறவினரான புல்லின் குடும்பத்தார் லேலண்ட் என்ற பெயரை ஏற்றனர். அவர்கள் வழியாகச் சொத்து நேய்லர் குடும்பத்தை அடைந்தது. 1849இல் பிறந்த கிறிஸ்டோபர் நேய்லர், 1891இல் அச்சொத்தையும் ஹாகர்ஸ்டன் மாளிகையையும் பெற்றதும் கிறிஸ்டோபர் லேலண்ட் ஆனார்.

வேல்ஸில் நேய்லர்களின் லெய்ட்டன் மாளிகைத் தோட்டத்தில் 1888இல் இருவகை ஊசியிலை மரங்கள் தாமாகக் கலந்து பிறந்த புது மரத்துக்குப் பின்னாளில் அவருடைய பெயரே சூட்டப்பட்டது. வேலிக்காக உலகெங்கும் நடப்படும் லேலண்ட் சைப்ரஸ் அது. அதன் பெயரில் உள்ள லேலண்ட், லங்காஷயர் லேலண்டுகளின் ஆண்வழியில் வந்ததே அன்று. சொத்துக்காகப் பெயர் மாற்றும் வழக்கம் 18, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. வம்சாவளி எழுதுவோர் இதற்கு உரிய இடம் தருவது குறைவு. மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் மீது உடைமையாளரின் குடும்பப் பெயர் பல இடங்களில் சுமத்தப்பட்டதையும் இங்கே சேர்த்தே கருத வேண்டும். பெயர் பரவிய வழிகளில் இதுவே மிகக் கொடியது. அவ்வாறு பெயர் பெற்றவர்களின் வழியினருக்குச் சொற்பிறப்பு அகராதி தரும் விளக்கம் அவர்களுடைய குடும்ப வரலாறு ஆகாது.

தமிழ்ப் பெயர் மரபோடு ஓர் ஒப்பீடு

ஆங்கிலப் பெயர்களின் நால்வகைப் பகுப்பு தமிழுக்குப் புதிதன்று. சங்கப் புலவர் பெயர்களில் அந்நான்கும் உள்ளன. கோவூர் கிழார் இடப்பெயரால் அறியப்பட்டவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் ஊராலும் தொழிலாலும், நரைமுடி நெட்டையார் தோற்றத்தாலும் அடையாளம் பெற்றவர்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனாரின் பெயரில் ஊர், தந்தை, தந்தையின் தொழில் ஆகிய மூன்றும் அடுக்கி நிற்கின்றன. வேறுபாடு ஒன்றே: தமிழில் இந்த அடைகள் பரம்பரைப் பெயராக இறுகவில்லை. ஒரு தலைமுறையை அடையாளம் காட்டிவிட்டு உதிர்ந்தன.

ஓசூர் ஆலைப் பலகைகளில் இரு மரபுகளும் அருகருகே நிற்கின்றன. டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தில் முதலாவது, நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் ஊரான திருக்குறுங்குடி. இடைக்கால லங்காஷயர் எழுத்தரிடம் அவர் சென்றிருந்தால் ‘டெ திருக்குறுங்குடி’ என்றே பதிந்திருப்பார். சில குடும்பங்களில் முதலெழுத்தே பரம்பரைப் பெயரின் வேலையைச் செய்துவந்ததற்கும் இவ்வட்டாரத்திலேயே சான்று உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜியின் ‘சி.’, தந்தையின் பெயரிலும் முன்னே நின்ற ‘சக்கரவர்த்தி’. கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினராக இருந்த அவர் மகன் சி. ஆர். நரசிம்மன் பெயரில் தந்தையின் முதலெழுத்து புதிதாகச் சேர்ந்தது, ‘சி.’ விலகவில்லை. தலைமுறை தாண்டி நிற்கும் பகுதி, தலைமுறைதோறும் மாறும் பகுதி என்ற இரண்டும் ஒரே பெயரில் தெரிகின்றன. 14ஆம் நூற்றாண்டு லங்காஷயர் ஏடுகளில் காண்பதும் ஏறத்தாழ இதே இடைநிலைதான். ஊரளவில் அன்றி நாட்டளவில் மக்களுக்குப் பெயர் ஒட்டுவதும் இங்கே உண்டு. ஓசூர், கோலார் பகுதிகளை உள்ளடக்கிய பழைய முரசு நாட்டின் பெயரை மொரசு ஒக்கலிகர் இன்றும் தாங்குகின்றனர். லேலண்ட் வட்டத்தின் பெயரும் அவ்வாறு பரவியிருக்கக்கூடும் என்று கருத இது இடமளிக்கிறது.

பெயர்களை இறுகச்செய்தது எது என்ற கேள்விக்கும் இந்த ஒப்பீடு ஒரு விடை தருகிறது. இங்கிலாந்தில் வரிப் பட்டியல்கள், நிலவுரிமை ஏடுகள், 1538இல் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள் ஆகியவை மகனைத் தந்தையின் பெயரோடு கட்டின. ஓசூர்த் தொழிலாளியின் கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் ஆலைப் பதிவேட்டிலும் குடும்பப் பெயருக்கென்று இருக்கும் கட்டம் இன்று அதே வேலையைச் செய்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் அக்கட்டத்தில் தந்தை பெயரையோ ஊரையோ வீட்டுப் பெயரையோ எழுதுகின்றன. அவற்றுள் எது பேரனுக்கும் போய்ச்சேரும் என்பது இனிமேல் முடிவாகும்.

தீர்ந்தவையும் தீராதவையும்

ஊர்ப்பெயரின் பொருள் ஏறத்தாழத் தீர்ந்த விஷயம். 1086இன் வடிவம் தரிசு நிலம் என்ற விளக்கத்தையே தாங்குகிறது. குடும்பப் பெயர் பெரும்பாலும் லங்காஷயர் ஊரிலிருந்து வந்தது என்பதற்கும் சான்றின் எடை மிகுதி. ஆனால் பெரும்பாலும் என்பதை முழுவதும் என்று மாற்ற இடமில்லை. லங்காஷயருக்கு வெளியே, குறிப்பாக யார்க்ஷயரிலும் நடுப்பகுதி மாவட்டங்களிலும், பண்ணை நிலங்களின் சிறு பெயர்கள் முழுமையாகத் தொகுக்கப்படும்வரை ரீனியின் இரண்டாவது வழியை மூடிவிட முடியாது.

ஒரு மூதாதையா, பலரா என்பதில் மரபணு ஆய்வின் பொதுப்போக்கு சிலரே என்ற பக்கம் சாய்கிறது. லேலண்ட் போன்ற அரிய பெயருக்கு அது பொருந்தும். தொடக்கத்தில் எத்தனை குடும்பங்கள் என்ற எண்ணிக்கையை அதனால் தர இயலாது. மார்லிஸ் குடும்பத்துக்கும் ஜான் லீலண்டுக்கும் இடையிலான தொடர்பு, அமெரிக்க லீலண்டுகளின் ஆங்கிலப் பிறப்பிடம் ஆகிய இரண்டும் சொற்பிறப்பால் தீர்க்கக்கூடியவை அல்ல. 1538க்குப் பிந்திய பகுதிக்குத் தேவாலயப் பதிவேடுகளும் உயில்களும் உதவும். அதற்கு முந்தியதற்கு நில ஆவணங்களும் 1332ஆம் ஆண்டு லங்காஷயர் வரிப் பட்டியல் போன்றவையுமே துணை. பெயர் மாற்றிக்கொண்ட குடும்பங்களை முதலில் விலக்கிவிட்டு, எஞ்சியவர்களின் ஏட்டுச் சான்றையும் மரபணுச் சான்றையும் ஊர்வாரியாக ஒப்பிடும் பணியே இனிச் செய்யவேண்டியது.